கூட வந்த மாமா

“பிடியை விட்டுடாதீங்கண்ணே, இன்னும் ஒரு மாடி இறங்கினா போதும்!” என்று மூச்சு வாங்கினான் தச்சன். கூட வந்தவர் அவன் முதுகில் உப்புமூட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கக் கரண்ட் போய், லிஃப்டும் நின்றுவிட, கும்மிருட்டுப் படிக்கட்டில் தடுக்கி விழுந்ததில் அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

செல்போன் வெளிச்சத்தைக் காட்டியபடி பின்னால் வந்தாள் தங்கை. “ரோட்டு சிக்னல் எரியாம பஸ்ஸும் ஓடலையாம். போன் போட்டுச் சொன்னா கேக்கமாட்டாங்களாண்ணா?”

“டவரும் படுத்துடுச்சும்மா. ஆறு மணிக்குள்ள போகலைன்னா அடுத்த லீவு கிடையாது.”

தச்சனின் பத்து வயது மகள் அவன் சட்டையைப் பற்றினாள். “போய்ச் சேர்ந்ததும் பேசுவியாப்பா?”

“மரம் அறுக்கிற மெஷின் சத்தத்துல போன் எங்க கேக்கும் கண்ணு?”

“ரொம்ப மோசமான கம்பெனி! மாமா, நீங்களாவது முதலாளிகிட்ட சொல்லக்கூடாதா?”

“சொல்றேன் பாப்பா,” என்றார் மாமா.

பாதி தூரம் சுமந்தும், மீதி தூரம் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியும், ஆறு அடிப்பதற்குள் அந்த இரும்புக் கதவை எட்டிவிட்டான் தச்சன்.

உள்ளேயிருந்து வந்த காவலர், சாதாரண உடையில் இருந்த மாமாவுக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார். பிறகு தச்சனின் பையைத் தடவிச் சோதித்து, கைதி எண்ணைக் கேட்டார்.

“ஏன்யா,” என்றார் மாமா. “நான் கால் பிசகிக் கிடந்தேன். ஊர்ல போனும் இல்ல, பஸ்ஸும் இல்ல. நீ ஓடியிருந்தா யார் புடிச்சிருப்பா?”

“ஓடினா பேப்பர்ல போட்டோ போடுவீங்களே சார். அப்பா எங்க வேலை பாக்குறார்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்.”