டொரண்டோவிலிருந்து வரும் மடி

"இப்ப எங்கிட்டு வாரான்?" காலை எட்டு மணிக்குள் முத்துத்தாய் நாலாவது தடவையாகக் கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். "அரபிக் கடலுக்கு மேல."

டொரண்டோவிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் 13,650 கிலோமீட்டர். துபாய் வரை பதின்மூன்று மணி நேரம், அங்கே காத்திருப்பு நான்கு, பிறகு மதுரைக்கு நான்கு. ஒன்பது பத்துக்கு அவள் தம்பி அழகுராஜா இறங்கிவிட வேண்டும்.

திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் எல்லாம் தயார். எங்கள் மூன்று வயது மகள் பவதாரிணி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டார். பத்தரைக்குள் காது குத்தியாக வேண்டும். தாய்மாமன் மடிதான் இல்லை.

ஒரு வயதில் நடந்திருக்க வேண்டியது. மடிக்கு ஆளில்லாமல் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

இன்னொரு தாய்மாமன் திருவாதவூரில் இருக்கிறார். மூத்தவர், மலைச்சாமி. இவள் என்னை விரும்பிக் கட்டிக்கொண்டதிலிருந்து ஒன்பது வருடமாகத் தங்கையோடு பேச்சில்லை. வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனபோதும் வெளியே வரவில்லை. அவர் மனைவிதான் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஒன்பதரை ஆயிற்று. ஒன்பதே முக்கால்.

"பெட்டி வரணும்ல" என்றேன்.

பத்து ஐந்துக்கு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. துணிப்பையோடு மலைச்சாமி. யாரையும் பார்க்காமல் நேரே போய் மணையில் உட்கார்ந்தார்.

"பிள்ளையக் குடு."

"தம்பி வாரான்" என்றாள் முத்துத்தாய், வீம்பாக.

"அவன் எங்க வாரான்? லீவு இல்லைன்னு நேத்தே எனக்குப் போன் போட்டுட்டான். மடியில்லாமப் பிள்ளை நிக்கும், பாத்துக்கண்ணேன்னு வச்சுட்டான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப அரபிக் கடலு?"

நான் தாளை மடித்தேன். அவள் பிள்ளையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள்.

ஊசி இறங்கியதும் பவதாரிணி கத்தினாள். மாமன்காரர் அவளைவிட அதிகமாக அழுதார். முத்துத்தாய் முந்தானையால் முதலில் அண்ணன் முகத்தைத்தான் துடைத்தாள்.

துணிப்பையிலிருந்து பட்டுப்பாவாடை வந்தது. கட்டிப் பார்த்தால் முழங்காலைத் தாண்டவில்லை.

"எத்தனை வயசுக்குண்ணே எடுத்த?"

"ஒரு வயசுக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

பந்தி நடக்கையில் அழகுராஜா வீடியோ காலில் வந்தான். "எடுபட்ட பயலே" என்று தொடங்கி அக்காள் திட்டித் தீர்த்தாள், சிரித்துக்கொண்டே. அவனும் சிரித்தானே தவிர, 'நீ வராதே, அண்ணனுக்குப் போன் போடு' என்று நான் அவனுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

கை கழுவப் போன இடத்தில் தாளைக் கிழிக்குமுன் கடைசி வரியை ஒருமுறை பார்த்தேன். திருவாதவூர் – திருப்பரங்குன்றம், 30 கிலோமீட்டர், பைக்கில் ஒரு மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பினால் பத்து.

மச்சான் ஐந்து நிமிடம் பிந்திவிட்டார்.