தளபதியின் தொட்டி

"மேடம், மேடம்! அந்தத் தொட்டியில மட்டும் கை வச்சிடாதீங்க. தளபதி முகம் கழுவின தொட்டி!"

தொல்பொருள் துறை அதிகாரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கூடத்துச் சுவரோரம் கிடந்த நீளமான கல்தொட்டியைத் துண்டால் துடைத்துவிட்டு, சின்னவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

போர்க்காலத்தில் இந்த ஊர் வழியாகப் போன படையின் தளபதி, சின்னவரின் கொள்ளுத்தாத்தாவுடைய விருந்தாளி. பாகப்பிரிவினையில், "எதிர்ல இருக்கிற மாடி வீட்டை நீயே வச்சுக்கோ, தொட்டி இருக்கிற வீடுதான் எனக்கு" என்று அண்ணனிடம் மல்லுக்கட்டி இதை வாங்கிய மகா புத்திசாலி சின்னவர். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

இப்போது சாலையை அகலப்படுத்த, தெருவின் இரண்டு பக்கமும் சிவப்புக் குறி போட்டிருந்தார்கள். படை தங்கிய இடம் என்று அதிகாரி சொன்னால் வீடு தப்பும். இல்லையென்றால் புல்டோசர்தான். காலையில் அவர் எதிர்வீட்டுக்கும் போயிருந்தாராம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று சின்னவர் உள்ளூரச் சிரித்துக்கொண்டார்.

"முகம் கழுவ இவ்ளோ நீளத் தொட்டியா?"

"தளபதின்னா சும்மாவா மேடம்? ஆள் ஆஜானுபாகு!"

"சுவர்ல வரிசையா இரும்பு வளையம் இருக்கே?"

"வாள் மாட்ட," என்றார் சின்னவர், கூசாமல். அந்த வளையங்களில் கயிறு கட்டி உலர்த்தியிருந்த புடவையை அவர் மனைவி அவசரமாக உருவினாள்.

"இவரும் தினம் அதுலதான் முகம் கழுவுறாரு. வீரம் வரும்னு பாக்கறேன், இன்னும் வரல," என்றாள்.

அதிகாரி குனிந்து தொட்டியின் விளிம்பைப் பார்த்தார், தரைச் சரிவைப் பார்த்தார். "சந்தேகமே இல்ல. படை இங்க தங்கியிருக்கு. இனிமே இந்த வீட்டை யாரும் இடிக்க முடியாது."

சின்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம், எதிர்மாடியில் நின்று வேடிக்கை பார்க்கும் அண்ணனுக்கு வயிறு எரியுமே என்ற சந்தோஷம் மறுபக்கம். தொட்டித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு வாசலுக்கே ஓடினார்.

"மேடம், வாசல்ல மாட்டப் போற உங்க பலகையில 'தளபதி வீடு'ன்னு கொட்டை எழுத்துல போடுங்க! சில பேருக்குக் கண்ணாடி போடாமலே தெரியணும்!"

அதிகாரி தயங்கினார். "தளபதி தங்கினது உங்க அண்ணன் வீட்லங்க. அந்தப் பலகைய அங்கதான் மாட்டப் போறோம்."

"அப்போ இந்தத் தொட்டி?" முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டார் சின்னவர்.

"அவரோட குதிரைக்குங்க."