மூன்றாவது தாழ்ப்பாள்

"இது மூணாவது தடவ மேடம்! என் ரூம் கதவுல உள்பக்கத் தாழ்ப்பாளக் காணோம். மறுபடியும்!"

வேதியியல் துறைத் தலைவர் ஜெயப்பிரகாஷ், முதல்வர் சந்திரலேகாவின் மேஜையை ஓங்கித் தட்டினார். சிதம்பரத்தில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் அவர் குரல் உயர்ந்தால் வராண்டாவே அடங்கிவிடும்.

எதிரே துணிப்பையோடு நின்றாள் அஞ்சம்மாள். துப்புரவு வேலை. தினமும் கடலூர் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். அடுத்த மாதம்தான் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நீயா கழட்டுன?"

"ஆமாங்கம்மா."

இல்லையென்று சாதிப்பாள் என்றுதான் முதல்வர் எதிர்பார்த்திருந்தார்.

"மூணையுமா?"

"மூணும் நான்தாங்க. எங்க வூட்டுக்காரரு படகு இஞ்சினுக்கு வெச்சிருக்குற திருப்புளியால."

பையிலிருந்து மூன்று தாழ்ப்பாள்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு திருகாணிகூடக் குறையவில்லை.

"பாத்தீங்களா! பழைய இரும்புக்குப் போட வெச்சிருக்கா. பச்சைத் திருட்டு!" என்று குதித்தார் ஜெயப்பிரகாஷ்.

"சார் ரூம்ல லேப்டாப் இருக்குது, வாட்ச் கெடக்குது. ஒருநாளாவது தொட்டிருப்பனா சார்?"

"அப்பறம் எதுக்குடி கழட்டுன?"

"டி போடாதீங்க சார்."

சந்திரலேகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 'டி' போட்டவர் மேல் அல்ல, வேண்டாம் என்றவள் மேல்.

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. காரணத்தச் சொல்லு. இல்லன்னா இன்னியோட வேல கெடையாது."

அஞ்சம்மாள் வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருவது இவள் சம்பளம் ஒன்றுதான். கடல் என்றைக்குக் கொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? இருந்தாலும் சொன்னாள்.

"ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கணும்னா பொம்பளப் புள்ளைங்க ஒவ்வொருத்தியா வரணுமாம். உள்ள போனதும் சார் தாழ் போட்டுக்குறாரு. வெளிய வர்றப்ப அதுங்க மூஞ்சியப் பாக்க முடியலம்மா. தாழ் இல்லன்னா நான் பக்கெட்டத் தூக்கிக்கினு எப்ப வேணா உள்ள போவேன். அதான் கழட்டுனேன். நாலாவது போட்டாலும் கழட்டுவேன்."

ஜெயப்பிரகாஷின் முகம் வெளுத்தது. சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"அபாண்டம் மேடம்! இருவது வருஷ சர்வீஸ் எனக்கு. கூட்டுற பொம்பள வந்து என்னச் சொல்றதா? இப்பவே இவள அனுப்புங்க."

முதல்வர் எழுந்தே விட்டார்.

"என்ன பேச்சு பேசுற நீ? புகார்க் கமிட்டிக்கு நான்தான் தலைவி. 'அச்சமின்றிப் புகார் செய்யுங்கள்'னு வாசல்லயே போர்டு வெச்சிருக்கேன். அந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா, ஒரு பொண்ணாவது எனக்கு எழுதிக் குடுத்திருக்காதா? ஒரு லெட்டர்? ஒரே ஒரு லெட்டர் காட்டு பாப்போம்!"

அஞ்சம்மாள் மறுபடியும் பைக்குள் கையை விட்டாள்.

நான்காகக் கிழிந்து, செல்லோ டேப்பால் ஒட்டப்பட்ட ஒரு தாள். 'மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. அடியில் இருந்த மூன்று பெண்களின் பெயர்களை மட்டும் ஜெயப்பிரகாஷின் கண்ணில் படாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"உங்க ரூம் குப்பத்தொட்டியில கெடந்துதுங்கம்மா," என்றாள். "இத ஒட்டவெச்சுப் படிச்ச அன்னிக்குத்தான் மொதத் தாழ்ப்பாளக் கழட்டுனேன்."