பாம்புச்செவி சொன்ன யோசனை

நான் பிசியோதெரபிஸ்ட். ஊரார் கழுத்துவலியெல்லாம் என் கையில்தான் சரியாகிறது. என் மனைவியோ வயலின் வாசித்ததால் வந்த கழுத்துவலிக்கு இணையத்தில் முகம் தெரியாத ஒருவனிடம் யோசனை கேட்டாள். ‘பாம்புச்செவி’ என்பது அவன் அங்கே வைத்துக்கொண்ட பெயர்.

“தாடையை அழுத்தாதீங்கன்னார். வலி போயே போச்சு. இப்ப வாசிப்பும் நல்லா இழையுதாம்.”

அதையேதான் நான் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தேன்.

“வாசிச்சதைப் பதிவு பண்ணி அனுப்பினியா?”

“இல்லையே. எழுத்துலதான் பேசிக்கறோம்.”

எனக்கு வயிறு எரிந்தது. அன்று முதல் அவள் வாசிக்கும்போதெல்லாம் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒருக்களித்து நின்று ஒட்டுக்கேட்டேன்.

ஒரு வாரம் போனது. அவன் வண்டவாளத்தை வெளியே கொண்டுவர, கிளினிக்கில் இருந்தபடியே பொய்ப்பெயரில் எழுதினேன்.

“நானும் வயலின் வாசிக்கறேன். தோள் வலிக்குது. என்ன செய்யலாம்?”

உடனே பதில் வந்தது.

“நீங்க வாசிக்கறதில்லையே. அவங்க வாசிக்கறப்ப ஒரே கால்ல பாரம் போட்டு நிக்கறீங்க. உங்களுக்கு வலி இடுப்புல.”

இடுப்பில்தான் வலி. நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வரியும் வந்தது.

“இன்னிக்குக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அந்த அலமாரி பக்கம் ரெண்டு பேருக்கு இடம் பத்தல.”