சின்னராசு சொன்ன யோசனை

கப்பல் பட்டறையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடித்து, அந்த அதிர்விலேயே எனக்கும் சின்னராசுக்கும் விரல்களில் ரத்த ஓட்டம் கெட்டுப்போனது. ஏசியில் உட்கார்ந்தால் விரல் வெளுத்து மரத்துவிடும்.

"ஆபரேஷன் செஞ்சா சரியாயிடும்," என்றார் டாக்டர். டாக்டரையும் நான் நம்பவில்லை, கூட்டிப்போன மகளையும் நம்பவில்லை. சின்னராசைத்தான் கேட்டேன்.

"கத்தி வெச்சா கையே போயிடும் லா. நான் செய்யமாட்டேன், நீயும் செய்யாதே."

வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

தெம்பனிஸ் சமூக மன்றத்து ஏசி அறையில் கேரம் இறுதி ஆட்டம். வருஷா வருஷம் ஜெயிக்கிறவன் நான். இந்தத் தடவை மரத்த விரலோடு ஆடி, சின்னராசிடம் தோற்றேன்.

கை குலுக்கினான். அவன் கை கதகதப்பாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் தையல் தழும்பு.

"எப்படா செஞ்சே?"

"உன்னைச் செய்ய வேணாம்னு சொன்ன மறு வாரம். ரெண்டு பேர் கையும் சரியாயிட்டா, நான் உன்னை எப்படி ஜெயிக்கிறது?"