வினிகரில் ஊறிய முத்து

"மெல்லிசான துணியால ஒரு துடை துடைச்சு வச்சா போதும்மா. வேற எதுவும் பண்ண வேண்டாம்."

படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மாமியார் அந்த முத்துத் தோட்டை மருமகள் கையில் கொடுத்தார்.

குடும்பத்தில் 'டிப்ஸ் ராணி' என்று பெயர் வாங்கியவளிடம் போய் ஒரு துடையாம், துடை!

சட்டையில் கறையா, பாத்திரத்தில் அடிப்பிடித்ததா, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு குறிப்பு உண்டு. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடுகிறாளோ இல்லையோ, ஒரு டிப்ஸ் போட்டுவிடுவாள். யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று ஏதாவது சட்டமா இருக்கிறது?

தோடு மாமனார் வாங்கிக் கொடுத்தது. அவர் போன பிறகு மாமியார் அதைக் காதில் போட்டதே இல்லை. நாளைக்குக் குடும்பமாக ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கப் போகிறார்கள், அதற்குத்தான் இப்போது மனசு வந்து வெளியே எடுத்திருக்கிறார்.

'பளபளன்னு ஆக்கி அத்தையை அசத்திடணும்' என்று ஒரு கிண்ணத்தில் வினிகரை ஊற்றித் தோட்டை ஊறப்போட்டாள். அது பத்தாது என்று பற்பசை வைத்து, பழைய பிரஷ்ஷால் நறநறவென்று தேய்க்கவும் செய்தாள்.

கழுவித் துடைத்துப் பார்த்தால் முத்திலிருந்த மினுமினுப்பைக் காணோம். சாக்பீஸ் துண்டு மாதிரி வெளுத்துப்போய்ப் பல்லிளித்தது.

பதறிப்போய் செல்போனை எடுத்துத் தேடினாள். 'முத்துக்கு வினிகர் ஆகவே ஆகாது. மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்' என்று வந்தது.

'அடிப்பாவி, இதைத்தானே அத்தையும் சொன்னாங்க! உன் மண்டையில இருக்கிறது மூளையா, களிமண்ணா? முதல்ல அதை எடுத்து வினிகர்ல ஊறப்போட்டிருக்கணும்' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். வாய் வர வேண்டுமே! பட்டம் போனால் போகட்டும். ஆனால் அத்தை இனிமேல் தன்னை நம்பி ஒரு பொருளைக் கையில் கொடுப்பாரா? நினைக்கவே அழுகை வந்தது.

அப்போதுதான் நாத்தனார் ஞாபகத்துக்கு வந்தாள். வீட்டில் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பாப்பாவுக்கே இரண்டு பாப்பா இருக்கிறது. போன மாதம் தோழி வீட்டு விசேஷத்துக்கு அம்மாவிடம் தோடு இரவல் வாங்கிக்கொண்டு போனாளாம். மருமகள் அப்போது ஆபீஸில் இருந்தாள், சாயங்காலம்தான் கேள்விப்பட்டாள்.

போதாதா?

மறுநாள் காலை பாப்பா சேலையைச் சரிசெய்துகொண்டு அம்மா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் தோட்டை நீட்டினாள்.

"அத்தை, துடைக்கலாம்னு எடுத்தேன். இதைப் பாருங்களேன்!"

மாமியார் வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது, இப்படி ஆயிருக்கு?"

"நானும் அதான் யோசிச்சேன் அத்தை. போன மாசம் பாப்பா போட்டுட்டுப் போனாள்ல, அப்ப செண்ட் ஏதாவது பட்டிருக்கும். முத்துல பட்டா அவ்வளவுதான், மினுமினுப்பே போயிடும்."

பாப்பா சட்டென்று நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

"ஆமா அண்ணி," என்றாள் கடைசியில். "அவசரத்துல தோட்டைப் போட்டுக்கிட்டே செண்ட் அடிச்சிட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சு."

மருமகளால் நம்பவே முடியவில்லை. இருட்டில் எறிந்த கல் இப்படியா குறிபார்த்து விழும்? அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அவள் டிப்ஸ் ராணியா?

"முத்து நகையைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ பாப்பா. செண்ட், பவுடர் எல்லாம் முடிச்சிட்டு, கடைசியாத்தான் போடணும். வீட்டுக்கு வந்ததும் முதல்ல அதைத்தான் கழட்டணும். வேற நகையோட சேர்த்து வைக்கக் கூடாது, தனியாத் துணியில சுத்தி வைக்கணும். முக்கியமா, வினிகர் பக்கம் கொண்டுபோகவே கூடாது!"

கடைசி வாக்கியம் வாயை விட்டுப் போன பிறகுதான் அவளுக்கு வியர்த்தது.

"சரிங்க அண்ணி," என்றாள் பாப்பா பயபக்தியோடு.

"சரி விடுங்கடி, முத்துதானே," என்றார் மாமியார். "தெரியாம நடந்தது. தெரிஞ்சா செய்வாங்க? நீ ஏம்மா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? போய் நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வா."

வேறொரு சின்னக் கல் தோட்டைப் போட்டுக்கொண்டு மாமியார் முதலில் கீழே இறங்கிப் போனார். தப்பித்தோம் என்று மருமகள் பெருமூச்சு விட்டபடி கண்ணாடி முன் நின்றாள். பாப்பா பின்னால் வந்து, அவளுடைய சங்கிலிக் கொக்கியை மாட்டிவிட்டாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இந்தச் செண்ட் கதையை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் அன்னிக்கு வாங்கிட்டுப் போனது பவளத் தோடு."

மருமகள் விருட்டென்று திரும்பினாள்.

"அப்புறம் ஏன்டி ஒத்துக்கிட்ட?" என்றாள். "ஐயோ, பாப்பா... அத்தைக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா..."

"அன்னிக்குப் பவளத்தை எடுத்துக் குடுத்ததே அம்மாதானே அண்ணி? நீங்க செண்டுன்னு ஆரம்பிச்சதும் நான் சண்டைக்குத்தான் வாயைத் திறந்தேன். ஒத்துக்கோடின்னு அம்மாதான் என் கையை அமுக்கினாங்க."