முதல் மூன்று நாவல்கள்

விமர்சனத்தைப் படித்த பத்திரிகை ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதை எழுதிய அம்மாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பெண்ணுரிமைக் கூட்டங்களில் அவர் மைக்கைப் பிடித்தாலே பலருக்கு வியர்த்துவிடும்.

“மேடம், இது உங்க முன்னாள் கணவரோட நாவல். அவரோட முதல் மூணு நாவல்ல பொண்ணுங்க வாயத் திறந்து பேசுறாங்க, அப்புறம் வந்ததுல எல்லாம் சும்மா அழறாங்கன்னு எழுதியிருக்கீங்க. வயித்தெரிச்சல்னு சொல்லமாட்டாங்களா?”

“சொல்லட்டும். நான் எழுதினது பொய்யா?”

“பொய்யில்லைதான். ஆனா உங்களுக்கு விவாகரத்து ஆனதும் அவரோட பேனா செத்துப்போச்சுன்னா யார் நம்புவாங்க?”

“அது எங்க செத்துது? அன்னைக்கே என்கூடவே வீட்டை விட்டுக் கிளம்பி வந்துடுச்சு. இப்ப உங்களுக்கு விமர்சனம் எழுதிட்டிருக்கு.”